“எங்க நிக்கீய அண்ணாச்சி?”

லாரி டிரைவர்களைத் தூங்கவிடாத எதிரி ரோட்டில் இல்லை... ஆபீஸில் இருக்கிறது!

வண்ணார்பேட்டையில பஸ் ஏறி அபிஷேகப்பட்டிக்கோ, பாளையங்கோட்டைக்கோ தினமும் காலேஜ் போற ஆளா நீங்க? அப்படின்னா ஒரு நாளைக்கு எப்படியும் ஐம்பது லாரியாவது உங்க கண்ணுல படும். பின்னாடி எழுதியிருக்கிற தத்துவத்தைப் படிச்சுச் சிரிச்சிருப்பீங்க. ஓவர்டேக் பண்ண வழிவிடலைன்னு திட்டியிருப்பீங்க. ஸ்டியரிங்கைப் பிடிச்சிருக்கிற மனுஷன் கடைசியா எப்போ தூங்கினார்னு என்னைக்காவது யோசிச்சிருக்கீங்களா?

லாரி டிரைவருக்கு என்ன கஷ்டம்னு கேட்டா நாம டக்குனு ஒரு லிஸ்ட் சொல்வோம். மோசமான ரோடு, ராத்திரிப் பயணம், வழியில மாமூல், வீட்டைப் பிரிஞ்ச வாழ்க்கை. எல்லாமே நிஜம்தான். ஆனா ஒரு டீக்கடையில டிரைவர்கள் நாலு பேர் உட்கார்ந்து பேசுறதைக் காது கொடுத்துக் கேளுங்க. அவங்க அதிகம் புலம்புறது ரோட்டைப் பத்தி இல்லை, ஆபீஸைப் பத்தி! லோடு ரெடின்னு வரச் சொல்லிட்டு நாள் முழுக்கக் காக்க வைக்கிறது, ரெண்டு பேர் ஓட்ட வேண்டிய வண்டியில ஒருத்தரை மட்டும் ஏத்தி விடுறது, பிரச்னைன்னு போன் அடிச்சா எடுக்க ஆள் இல்லாதது, கடைசியில பழியை மட்டும் டிரைவர் தலையில கட்டுறது... இதுக்கெல்லாம் மேனேஜ்மென்ட் பாடத்துல அழகழகா பேர் இருக்கு. டிரைவர்கள் பாஷையில ஒரே பேர்தான்: “கேக்க நாதி கிடையாது!”

ஆத்தோரம் கிளம்பும் சரக்கு

பொதிகையில பிறந்து புன்னக்காயல்ல கடல்ல சேருது தாமிரபரணி. நீளம் சுமார் 128 கிலோமீட்டர்தான். ஆனா இந்தச் சின்ன ஆத்தை ஒட்டிக் கிளம்புற சரக்கைக் கணக்குப் பாருங்க. அம்பாசமுத்திரம் பக்கம் நெல்லும் அரிசியும், கல்லிடைக்குறிச்சியில அப்பளம், தாழையூத்துல 1949-லேர்ந்து சிமென்ட், கங்கைகொண்டான் சிப்காட்டுல டயர், குளிர்பானம், இப்போ சோலார் பேனல் வரைக்கும். கீழே ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கம் வாழைத்தார். சிற்றாறு பக்கம் போனா சுரண்டை, பாவூர்சத்திரம் காய்கறி, புளியரை வழியா கேரளாவுக்கு! எல்லாத்துக்கும் மேல 50 கிலோமீட்டர் தள்ளி வ.உ.சி. துறைமுகம்.

ஸ்ரீநகர்ல கிளம்பிக் கன்னியாகுமரி வரைக்கும் வர்ற 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலையும், தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போற 138-ம் எண் நெடுஞ்சாலையும் சந்திக்கிற ஊர் நம்ம திருநெல்வேலி. அதனால இங்கே லாரி புக்கிங் ஆபீஸுக்கும் பஞ்சமில்லை, டிரைவர் குடும்பங்களுக்கும் பஞ்சமில்லை. உங்க கிளாஸ்லயே எண்ணிப் பாருங்க... அப்பா, மாமா, சித்தப்பான்னு யாராவது ஒருத்தர் ஸ்டியரிங் பிடிக்கிறவராக இருப்பார்!

நீங்கதான் டிரைவர்... ஒரு டிரிப் அடிப்போமா?

கொஞ்ச நேரம் நீங்களே டிரைவர்னு வெச்சுக்கோங்க. இது கற்பனை டிரிப்தான். ஆனா இதுல வர்ற எதுவும் எந்த டிரைவருக்கும் புதுசு கிடையாது.

காலையில 6 மணிக்கு எழுந்துட்டீங்க. கங்கைகொண்டான்ல ஒரு லோடு, சென்னைக்கு. “எட்டு மணிக்கெல்லாம் கேட்ல நிக்கணும் அண்ணாச்சி”னு ஆபீஸ் தம்பி சொல்லியிருக்கார். எட்டுக்கு முன்னாடியே போய் நின்னாச்சு. செக்யூரிட்டி டோக்கன் கொடுக்கிறார். உள்ளே சரக்கு இன்னும் பேக்கிங் ஆகலை. சாப்பிடப் போகலாம்னா வரிசையில நம்பர் போயிடும். வண்டியில தூங்கலாம்னா வெயில்ல கேபின் கொதிக்குது. எப்போ கூப்பிடுவாங்கன்னும் தெரியாது.

மதியம் ஆச்சு, சாயங்காலம் ஆச்சு. ஏழு மணிக்கு லோடு ஏறுது. தார்ப்பாய் போட்டு, கயிறு கட்டி, பேப்பர் வாங்கி, எடை போட்டு வெளியே வரும்போது மணி எட்டு. அப்போதான் போன் வருது.

“அண்ணாச்சி, காலையில எட்டு மணிக்குப் பார்ட்டி எதிர்பார்க்காங்க. லேட் பண்ணிராதீய!”

சென்னை இங்கேர்ந்து 600 கிலோமீட்டருக்கும் மேல. மணிக்கு 50 கிலோமீட்டர் சராசரி வேகம்னு வெச்சாலும் நிக்காம 12 மணி நேரம். அதாவது காலையில 6 மணிக்கு எழுந்த நீங்க, மறுநாள் காலை 8 மணி வரைக்கும் 26 மணி நேரம் கண் முழிச்சிருக்கணும். இந்த 26-ல சம்பளக் கணக்குல வர்றது எவ்வளவு? டிரிப்புக்கு இவ்வளவு, படி இவ்வளவுன்னுதான் பெரும்பாலும் கூலி. கேட்ல நின்ன 12 மணி நேரத்துக்கு யாரும் கணக்கு எழுதுறது இல்லை.

வழியில எத்தனை போன்? “கயத்தாறு தாண்டியாச்சா?”, “மதுரை ஆச்சா?”, “எங்க நிக்கீய அண்ணாச்சி?” வண்டியில ஜி.பி.எஸ். இருக்கு, ஃபாஸ்டேக்ல எந்த டோல்ல எத்தனை மணிக்குக் கடந்தீங்கன்னு ஆபீஸுக்கு மெசேஜ் போகுது. ஆனாலும் போன்! ஆபீஸுக்கும் பார்ட்டிக்கும் நடுவுல தகவல் போகாததால வர்ற போன் அது. 

சென்னைக்குப் போய்ச் சேர்ந்தா கதை முடிஞ்சுதா? அங்கே குடோன்ல அன்லோடு பண்ண ஆள் வரலை. இன்னொரு பகல் காலி. அப்புறம் ரிட்டர்ன் லோடு கிடைக்கிற வரைக்கும் லாரி ஸ்டாண்டுல தவம். காலி வண்டியோட திரும்பினா டீசல் காசு கைவிட்டுப் போகும்னு முதலாளி விடமாட்டார். வீட்டுல பிள்ளைக்குக் காதுகுத்து இருந்தாலும் லோடு கிடைச்சாதான் ஊர்!

மாசத்துக்கு எட்டு டிரிப் அடிக்க வேண்டிய வண்டி இப்படி நின்னு நின்னு அஞ்சு டிரிப்தான் அடிச்சா, மூணு டிரிப் கூலி யாருக்குப் போச்சு? டிரைவருக்குப் போச்சு. அந்த நஷ்டத்தை ஈடுகட்ட ராத்திரியில இன்னும் வேகமா மிதிக்க வேண்டியிருக்கு. கேட்ல தொலைஞ்ச நேரத்தை ரோட்டுல தேடுறாங்க. எதிர்ல பைக்ல வர்றது நீங்களாகவும் இருக்கலாம், நானாகவும் இருக்கலாம்.

ரெண்டாவது டிரைவர் எங்கே போனார்?

நேஷனல் பெர்மிட் லாரியில ரெண்டு டிரைவர் இருக்கணும்னு மத்திய மோட்டார் வாகன விதிகள்ல தெளிவா இருந்தது. ஒருத்தர் ஓட்டும்போது இன்னொருத்தர் காலை நீட்டிப் படுக்க, டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி முழு அகலத்துக்கு ஒரு சீட் வேணும்னும் விதி சொல்லிச்சு. நடைமுறையில பல வண்டிகள்ல அந்த ரெண்டாவது ஆள் பேப்பர்ல மட்டும்தான் இருந்தார். 2018 நவம்பர்ல விதியையே திருத்தி, ரெண்டு டிரைவர் கட்டாயம் கிடையாதுன்னு ஆக்கிட்டாங்க. 

கூடவே இன்னொருத்தரும் காணாமப் போயிட்டார். அவர்தான் கிளீனர். பின்னாடி போய் “வரலாம், வரலாம்... ரைட்ல ஒடி”ன்னு சத்தம் கொடுப்பாரே, அவர்! தார்ப்பாய் கட்ட, டயர் மாத்த, டிரைவர் கண் அசந்தா பேச்சுக் கொடுக்க, பழகிப் பழகி ஒருநாள் தானே டிரைவராக ஆக... இத்தனைக்கும் ஒரே ஆள். கிளீனர் சம்பளம், படி மிச்சம்னு பலர் அந்த வேலையையே எடுத்துட்டாங்க. இன்னைக்குப் பல வண்டியில டிரைவரே கிளீனர், டிரைவரே கணக்கப்பிள்ளை, டிரைவரே காவலாளி!

இதுல ஒரு வேடிக்கை பாருங்க. நாட்டுல 22 லட்சம் டிரைவர்கள் பற்றாக்குறைன்னு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி சொல்லியிருக்கார். 2019-ல லைசென்ஸுக்கு எட்டாம் கிளாஸ் படிப்பு வேணும்ங்கிற நிபந்தனையையும் எடுத்தாச்சு. அப்படியும் ஆள் வரலை. ஏன் வரலை? முன்னே ஒரு டிரைவர் உருவாகுற பள்ளிக்கூடமே கிளீனர் சீட்தான். பள்ளிக்கூடத்தை மூடிட்டு, பாஸான பையனைக் காணோமேன்னு தேடினா எப்படி?

ஆபீஸ்ல யாரு இருக்கா?

சரி, இத்தனைக்கும் யார் காரணம்? வில்லன் யாருன்னு தேடினா சினிமா மாதிரி ஒருத்தர் சிக்கமாட்டார். ஒரு சங்கிலிதான் சிக்கும்.

சரக்கு அனுப்புற கம்பெனி, ஒரு பெரிய டிரான்ஸ்போர்ட் கம்பெனிகிட்ட கான்ட்ராக்ட் கொடுக்கும். அந்தக் கம்பெனிகிட்ட போதுமான சொந்த வண்டி இருக்காது. அது புக்கிங் ஏஜென்ட்கிட்ட கேட்கும். ஏஜென்ட், ரெண்டு மூணு வண்டி வெச்சிருக்கிற ஒரு லாரி முதலாளிகிட்ட கேட்பார். முதலாளி தன் டிரைவரை அனுப்புவார். ஒவ்வொரு கை மாறும்போதும் ஒரு கமிஷன் கழியும். டிரைவருக்கு வேலை சொல்றது ஒருத்தர், சம்பளம் தர்றது ஒருத்தர், கேட்ல நிக்க வைக்கிறது இன்னொருத்தர். ‘ஏன் சார் லேட்?’னு அவர் யாரைக் கேட்பார்?

ஹால்டிங் சார்ஜ்னு ஒண்ணு உண்டு. குறிச்ச நேரத்துக்கு மேல வண்டியை நிறுத்தி வெச்சா நாளுக்கு இவ்வளவுன்னு சரக்குக்காரங்க கொடுக்கணும். ஆனா அந்தக் காசு இந்தச் சங்கிலி வழியா இறங்கி வர்றதுக்குள்ள பெரும்பாலும் ஆவியாகிடும். முதலாளி கைக்கு வந்தாலே பெரிசு, டிரைவர் கைக்கு வர்றது அதிசயம்.

முதலாளியை மட்டும் திட்டிப் பிரயோஜனம் இல்லை. நம்ம நாட்டு லாரி முதலாளிகள்ல பெரும்பாலானவங்க அஞ்சு வண்டிக்கும் குறைவா வெச்சிருக்கிறவங்கதான். பல பேர் நேத்து வரைக்கும் டிரைவராக இருந்தவங்க. வண்டிக்கு மாசா மாசம் தவணை கட்டணும். இன்ஷூரன்ஸ், டயர், டீசல் எல்லாம் ரொக்கம். ஆனா பாக்கி வாடகை, டெலிவரி ரசீதைக் கொண்டுபோய்க் கொடுத்த பிறகும் வாரக்கணக்குல, சில சமயம் மாசக்கணக்குல இழுக்கும். அவருக்கு மேலே இருந்து வர்ற அழுத்தம் அப்படியே கீழே இறங்குது. அதுக்குக் கீழே இறங்க இடமில்லாம தங்குற இடம் டிரைவர் சீட்.

இதுல ஆபீஸ் ஆள் பற்றாக்குறையும் சேருது. பல ஆபீஸ்கள்ல லோடு பார்க்கிறது, பில் போடுறது, வண்டிகளைப் பின்தொடர்றது எல்லாமே ஒரே ஆள். அவரும் நம்மளை மாதிரி பி.காம். முடிச்சுட்டு வந்த தம்பியாக இருப்பார். ராத்திரி பத்து மணிக்கு மேல போனை எடுக்க அங்கே ஷிஃப்ட் ஆள் கிடையாது. ஆனா லாரி ஓடுறதே ராத்திரியிலதான்!

உதாரணத்துக்கு இ-வே பில். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள்ங்கிற கணக்குல அதுக்கு ஆயுள். கேட்ல, ஸ்டாண்டுல நின்னே அந்த ஆயுள் கரைஞ்சா, முடியறதுக்கு 8 மணி நேரம் முன்னாலேர்ந்து 8 மணி நேரம் பின்னால வரைக்கும் காரணம் சொல்லி நீட்டிக்கலாம். கம்ப்யூட்டர்ல அஞ்சு நிமிஷ வேலை. ஆபீஸ்ல யாரும் கவனிக்கலைன்னா, வழியில சோதனையில மாட்டுறது வண்டி. சரக்கையும் வண்டியையும் நிறுத்தி வெச்சு அபராதம் போடலாம். அந்தப் பணத்தை யாரோ கட்டுவாங்க. ஆனா அதுவரைக்கும் நடுரோட்டுல சமைச்சுச் சாப்பிட்டு வண்டிக்குக் காவல் இருக்கிறது யாரு?

ஓவர்லோடும் இப்படித்தான். 2019 திருத்தத்துக்கு அப்புறம் அபராதம் 20,000 ரூபாய், அதுக்கு மேல கூடுதல் டன்னுக்கு 2,000 ரூபாய் வீதம். சட்டம் ஓட்டினவரை மட்டும் சொல்லலை, ஓட்டச் செஞ்சவரையும் ஓட்ட அனுமதிச்சவரையும் சேர்த்தே சொல்லுது. டிரைவர் வேற, ஓனர் வேறன்னா, ஓனருக்குத் தெரிஞ்சே ஏத்தினதாக கோர்ட் எடுத்துக்கலாம்னும் மோட்டார் வாகனச் சட்டத்துல இருக்கு. ஆனா ரோட்டுல கை நீட்டி நிறுத்தும்போது அங்கே இருக்கிறது டிரைவர் மட்டும்தானே!

சட்டம் என்ன சொல்லுது? (ஒரு குட்டி பாக்ஸ்)

* மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், 1961: ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை. தொலைதூர ரூட்ல அனுமதி வாங்கினா 10 மணி நேரம், வாரத்துக்கு 54.
* அஞ்சு மணி நேரத்துக்கு மேல தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது. நடுவுல அரை மணி நேரமாவது ஓய்வு. வாரத்துக்கு ஒருநாள் லீவு.
* ஆனா இது 5 பேர் அல்லது அதுக்கு மேல வேலை பார்க்கிற நிறுவனங்களுக்குத்தான்.
* 2020-ல நாடாளுமன்றம் நிறைவேத்தின பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் சட்டத் தொகுப்புக்குள்ள இந்தச் சட்டம் கரைஞ்சிருச்சு. 2025 நவம்பர் 21-ல அது அமலுக்கு வந்தது. அதுல வரம்பு 10 பேர்!

பாக்ஸைப் படிச்சாச்சா? இப்போ மறுபடியும் முந்தின பாராவுக்குப் போங்க. பெரும்பாலான முதலாளிகள்கிட்ட இருக்கிறதே ரெண்டு மூணு வண்டி. அப்போ சட்டத்தோட குடைக்குள்ள எத்தனை டிரைவர் நிப்பாங்க?

இன்னொரு சின்ன விஷயம். ‘வேலை நேரம்’னா என்னன்னு 1961 சட்டம் விளக்கும்போது, டெர்மினல்ல சும்மா காத்திருக்கிற நேரம் 15 நிமிஷத்துக்குள்ள இருந்தாதான் அதைக் கணக்குல சேர்த்துச்சு. நம்ம கற்பனை டிரிப்ல கங்கைகொண்டான் கேட்ல நின்னது 12 மணி நேரம். சட்டம் எழுதினவங்க பஸ் ஸ்டாண்டை மனசுல வெச்சு எழுதியிருக்கலாம். லாரிக்காரன் நிக்கிற கேட் அவங்க கண்ணுல படலை போல!

84 சதவீதம் பேர் சொன்ன பதில்

சேவ்லைஃப் ஃபவுண்டேஷன்கிற சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2020-ல ஒரு ஆய்வு வெளியிட்டுச்சு. பத்து நகரங்கள்ல ஆயிரத்துக்கும் மேற்பட்ட லாரி டிரைவர்களைச் சந்திச்சுப் பேசினாங்க. சராசரியா ஒரு நாளைக்கு 12 மணி நேரம் ஓட்டுறாங்க. களைப்பாகவோ தூக்கக் கலக்கத்துலயோ ஓட்டுறதாக ஒத்துக்கிட்டவங்க கிட்டத்தட்ட பாதிப் பேர். இந்தத் தொழிலுக்குச் சொந்தக்காரங்களை வரச் சொல்வீங்களான்னு கேட்டதுக்கு, மாட்டோம்னு சொன்னவங்க 84 சதவீதம்!

ஒரு டாக்டர் பையன் டாக்டராகணும்னு நினைப்பார். வக்கீல் பொண்ணு வக்கீலாகணும்னு நினைப்பார். இவங்க மட்டும், தான் பட்டது போதும், பிள்ளை படிக்கட்டும்னு நினைக்கிறாங்க. நம்ம காலேஜ் பீஸ் ரசீதுல எத்தனை ராத்திரித் தூக்கம் கரைஞ்சிருக்குன்னு அந்த ரசீதுல அச்சடிக்க மாட்டாங்க.

இந்தியாவுல 2023-ல மட்டும் சாலை விபத்துல இறந்தவங்க சுமார் 1.72 லட்சம் பேர். 2022 கணக்குப்படி விபத்து எண்ணிக்கையில முதலிடம் நம்ம தமிழ்நாடு, 64,105. எல்லாத்துக்கும் லாரி காரணம்னு சொல்ல முடியாது. ஆனா 26 மணி நேரம் கண் முழிச்ச ஒருத்தர் கையில 30, 40 டன் வண்டியைக் கொடுத்து அனுப்புறது விபத்துக்கு நாமளே தேதி குறிக்கிற மாதிரிதான்.

2024 ஜனவரி முதல் வாரத்துல நாடு முழுக்க லாரி ஸ்டிரைக் நடந்து, பெட்ரோல் பங்க்ல வரிசை நின்னது ஞாபகம் இருக்கா? பாரதிய நியாய சன்ஹிதாவோட 106(2) பிரிவு, விபத்து நடந்ததும் போலீஸுக்குச் சொல்லாம ஓடினா பத்து வருஷம் வரைக்கும் சிறைன்னு சொன்னதுதான் காரணம். அந்தச் சட்டம் 2024 ஜூலை 1-ல அமலுக்கு வந்தப்போ இந்த ஒரு பிரிவை மட்டும் நிறுத்தி வெச்சாங்க. தப்பிச்சு ஓடுறது சரின்னு யாரும் சொல்லலை. ஆனா ஒரு கேள்வி நியாயமானது. களைப்புல கண் அசந்த டிரைவருக்குப் பத்து வருஷம்னா, அவரைத் தூங்க விடாம அனுப்பினவங்களுக்கு எத்தனை வருஷம்?

வெளிநாட்டுல மட்டும் என்ன வாழுதாம்?

ஐரோப்பிய நாடுகள்ல நாலரை மணி நேரம் ஓட்டினா 45 நிமிஷம் வண்டியை நிறுத்தியே ஆகணும். நாளுக்கு 9 மணி நேரம்தான் ஓட்டலாம், வாரத்துல ரெண்டு நாள் மட்டும் 10 வரைக்கும் போகலாம். ‘டேக்கோகிராஃப்’னு ஒரு கருவி, எப்போ ஓடிச்சு, எப்போ நின்னுச்சுன்னு எல்லாத்தையும் பதிஞ்சு வைக்கும். டிரைவரும் பொய் சொல்ல முடியாது, ஆபீஸும் பொய் சொல்ல முடியாது. நம்ம ஊர் ஜி.பி.எஸ். டிரைவரைக் கண்காணிக்குது. அந்த ஊர்க் கருவி ஆபீஸையும் சேர்த்துக் கண்காணிக்குது!

அதுக்காக அங்கே பிரச்னையே இல்லைன்னு நினைக்காதீங்க. 2021 செப்டம்பர்ல பிரிட்டன்ல பெட்ரோல் பங்க்குகள் வறண்டு போச்சு. நாட்டுல பெட்ரோல் இருந்தது, கொண்டு வர்ற டேங்கர் லாரிக்கு டிரைவர்தான் இல்லை. ராணுவ வீரர்களை வெச்சு டேங்கர் ஓட்டினாங்க. வெளிநாட்டு லாரி டிரைவர்களுக்கு 5,000 தற்காலிக விசா அறிவிச்சாங்க. பிரெக்ஸிட், கொரோனான்னு பல காரணம் இருந்தாலும், அங்கேயும் டிரைவர்கள் சொன்ன குறை நமக்குத் தெரிஞ்சதுதான். குறைஞ்ச சம்பளம், நீண்ட நேரம், குடோன் வாசல்ல காத்திருப்பு, ஒதுங்க ஒரு நல்ல கழிப்பறைகூட இல்லாதது. டிரைவரை மதிக்காத நாடு ஒருநாள் கேனைத் தூக்கிட்டு வரிசையில நிக்கும்!

நம்ம ஊர்லயும் ஒரு நல்ல மாற்றம் வந்திருக்கு. 2025 அக்டோபர் 1-க்கு அப்புறம் தயாராகுற நடுத்தர, கனரக லாரிகள்ல டிரைவர் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம். சந்தோஷம்! ஆனா குளுகுளு கேபின்ல உட்கார்ந்தும் 12 மணி நேரம் கேட்லயே காத்திருந்தா, வேர்வை மட்டும்தான் மிச்சமாகும்.

இந்த மண்ணுல ஒரு லீவு நாளுக்காக...

வாராந்திர லீவு, நியாயமான வேலை நேரம்... இது ஏதோ புதுசா கிளம்பின கோரிக்கைன்னு நினைக்காதீங்க. 1908 பிப்ரவரி 27. தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்துல இறங்கினாங்க. கேட்டது சம்பள உயர்வு, வேலை நேரக் குறைப்பு, வாரத்துக்கு ஒருநாள் லீவு. அவங்க பக்கம் நின்னவர் வ.உ.சிதம்பரம் பிள்ளை. மில்லை நடத்தின ஹார்வி நிர்வாகம் இறங்கி வந்தது. சம்பளம் கூடிச்சு, ஞாயித்துக்கிழமை லீவும் கிடைச்சுது. அதுக்குக் கொஞ்ச நாள்லயே, மார்ச் 12-ல வ.உ.சி. கைதானார். மறுநாள் திருநெல்வேலியே கொந்தளிச்சுது.

இதுல நாம மறந்துபோற ஒரு விஷயம் இருக்கு. அந்த வ.உ.சி. யாரு? 1906-ல சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியை ஆரம்பிச்சவர். அதாவது, அவரே ஒரு போக்குவரத்துக் கம்பெனி நடத்தினவர்! சரக்கும் ஆளும் ஏத்தி இறக்குற தொழிலோட லாப நஷ்டம் என்னன்னு அவருக்கு நல்லாவே தெரியும். தெரிஞ்சும் தொழிலாளிக்கு ஒருநாள் லீவு வேணும்னு தெருவுல இறங்கிப் பேசினார். ‘கம்பெனி நடத்துறவனுக்குத்தான் கஷ்டம் தெரியும்’னு சொல்ற யாருக்கும், இதே ஊர்ல 1908-லயே ஒரு கம்பெனிக்காரர் பதில் சொல்லிட்டார்.

நாளைக்கு அந்த போன் உங்க கையில!

இதையெல்லாம் உங்ககிட்ட ஏன் சொல்லணும்? காரணம் இருக்கு. லாஜிஸ்டிக்ஸ், சப்ளை செயின்னு எம்.பி.ஏ. படிக்கிறவங்க கூடிட்டே இருக்காங்க. பி.காம்., பி.பி.ஏ. முடிச்சுட்டுத் தூத்துக்குடி ஷிப்பிங் ஆபீஸ்ல, கங்கைகொண்டான் கம்பெனி டெஸ்பாட்ச்ல, கொரியர் குடோன்ல வேலைக்குச் சேரப் போறவங்க உங்கள்ல நிறைய பேர். ரெண்டு வருஷம் கழிச்சு “எங்க நிக்கீய அண்ணாச்சி?”னு போன் பண்ணப் போற தம்பியும் தங்கச்சியும் நீங்கதான்!

அப்போ செய்யறதுக்கு அஞ்சு விஷயம். காசு செலவு ரொம்ப இல்லை.

ஒண்ணு, லோடு ரெடியான பிறகு வண்டியைக் கூப்பிடுங்க. வாசல்ல பத்து லாரி நிக்கிறது ஆபீஸுக்குக் கௌரவம் இல்லை, திட்டமிடத் தெரியாததோட அடையாளம்.

ரெண்டு, வண்டி உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம் ரெண்டையும் எழுதி, டிரைவருக்கு ஒரு காப்பி கொடுங்க. ஹால்டிங் காசு கேட்க அவர் கையில ஒரு ஆதாரம் இருக்கும்.

மூணு, போய்ச் சேர வேண்டிய நேரத்தைக் குறிக்கும்போது, கிளம்பின நேரத்துலேர்ந்து கணக்குப் போடுங்க. அதுல தூங்குற நேரத்தையும் சேருங்க.

நாலு, வாசல்ல ஒரு கழிப்பறை, குடிக்கத் தண்ணி, உட்கார ஒரு நிழல். டிரைவர் உங்க கம்பெனி ஆள் இல்லாம இருக்கலாம். உங்க சரக்கு அவர் கையிலதான் இருக்கு.

அஞ்சு, ராத்திரியில போனை எடுக்க ஒரு ஆள். அது முடியாதுன்னா, ராத்திரியில வண்டி ஓட்டச் சொல்லாதீங்க.

டிரைவர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தனியா ஒரு வேலை இருக்கு. தமிழ்நாட்டுல அமைப்புசாரா ஓட்டுநர்களுக்குன்னு தொழிலாளர் துறையில ஒரு நல வாரியம் இருக்கு. பதிவு பண்ணினா பிள்ளைகள் படிப்பு, கல்யாணம், விபத்து மரணம்னு உதவித்தொகைகள் உண்டு. அப்பாவுக்கு ஃபாரம் நிரப்ப நேரமும் இருக்காது, பொறுமையும் இருக்காது. படிச்ச நீங்க எதுக்கு இருக்கீங்க? அவர் ஊருக்கு வர்ற அந்த ஒருநாள்ல லைசென்ஸ், ஆதார், ரேஷன் கார்டு காப்பிகளை எடுத்து வெச்சு, பதிவை முடிச்சுக் கொடுங்க. அப்படியே அவரோட டிரிப் தேதி, நின்ன நேரம், வர வேண்டிய பாக்கி எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதிப் பழக்குங்க. வாயால கேட்டா ‘அப்புறம் பார்ப்போம்’னு சொல்ற ஆபீஸ், நோட்டை நீட்டிக் கேட்டா கொஞ்சம் யோசிக்கும்.

அப்புறம், போன் பண்ணும்போது “எங்க நிக்கீய?”ங்கிறதோட இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேளுங்க. “தூங்கினீயளா அண்ணாச்சி?” அவர் ‘இல்ல தம்பி’ன்னு சொன்னா, “சரி, ஓரமா நிறுத்திட்டு நாலு மணி நேரம் படுங்க, பார்ட்டிகிட்ட நான் பேசிக்கிடுதேன்”னு சொல்ல தைரியம் வேணும். மேனேஜ்மென்ட்னு இத்தனை செமஸ்டர் படிக்கிறது அந்த ஒரு வரியைச் சொல்லத்தான்!